மூடி பிடிக்கும்வரை

முதல் போத்தல் வெடித்தபோது தவராஜா போத்தலைத் திட்டினார். இரண்டாவது வெடித்தபோதுதான், பிழை தன் பக்கமும் இருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு வந்தது.

பானையின் அடியில் துணி போட மறந்துவிட்டார்.

துணி இல்லாவிட்டால் போத்தல்கள் கொதிதண்ணீரில் ஒன்றோடொன்று முட்டி உடையும் என்று மனைவி சந்திரமதி ஆராவ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மனுசனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரும் தலையைத் தலையை ஆட்டினார். கலியாணம் கட்டிய நாள் முதல் அந்தத் தலையாட்டலில் அவர் கெட்டிக்காரர்.

அவசரத்துக்குக் கையில் அகப்பட்டது ஒரு பொன்னாடை. தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கதிரை அடுக்கியதற்காக அவருக்குப் போர்த்தியது. அலமாரியில் சும்மா கிடந்த மரியாதை முதல்முறையாக ஒரு வேலைக்கு உதவியது.

மேசையில் ஒரு கூடை ஸ்வெட்ச்கன். கத்தரிக்காய் நிறத்துச் சின்னப் பிளம்ஸ். கீழ்வீட்டு சுவிஸ்காரி செப்டெம்பர் வந்தால் தன் மரத்திலிருந்து பிடுங்கித் தருவாள். சந்திரமதி அதைக் கொட்டை நீக்கி, சீனியும் கறுவாப்பட்டையும் போட்டுக் காய்ச்சி, போத்தலில் அடைத்து, மூடி பிடிக்கக் கொதிதண்ணீரில் அவித்துவிடுவாள். குளிர்காலம் முழுக்க அதை மாவில் பரப்பி ‘வேயெ’ என்ற பழத்தட்டை சுடுவாள்.

இந்த ஊர்ச் சனமும் வெள்ளிக்கிழமைகளில் மச்ச மாமிசத்தை விட்டுவிட்டு இந்தப் பழத்தட்டையைச் சுட்டுச் சாப்பிடும் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் அவளுக்கு சுவிஸ் கொஞ்சம் பிடித்தது. தன் தட்டையில் முட்டையை மட்டும் சேர்க்கமாட்டாள்.

தவராஜா அதை இத்தனை வருடம் சாப்பிட்டவர். அதில் கொட்டை எடுப்பது என்றொரு பாடு இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரியும். சேட்டு, தாடி, குளிர்சாதனப் பெட்டியின் கைபிடி எல்லாம் ஒரே சிவப்பு.

பழம் பழுதாக முன்னம் அடைத்து வையுங்கோ, மிச்சத்தை நான் வந்து பார்க்கிறேன் என்பது அவளுடைய கட்டளை. மூடிகள் இறுகப் பிடித்துவிட்டால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று அவரும் மனதுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார். எதிர்ப்பக்கத்தில் யார் ஒப்புக்கொண்டது என்று கேட்கக்கூடாது.

பொன்னாடை புண்ணியத்தில் மிச்சப் போத்தல்கள் உடையவில்லை. பிறந்தநாள் வீடுகளுக்குப் புரியாணி காய்ச்சுகிற பெரிய பானைக்குள், கழுத்தளவு தண்ணீரில் குளிக்கிறவர்களைப்போல நின்றன. இனி இடையில் அடுப்பை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மூடி பிடிக்காது. பழம் புளித்துப்போகும்.

கதிரையில் கவிழ்த்து வைத்த தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. கையெல்லாம் பழச்சாறு, எடுக்கேலாது என்று அதற்கு விளக்கம் சொன்னார்.

பிறகு வாசல் மணி அடித்தது.

சந்திரமதியின் தங்கை புனிதவதி, பாடனிலிருந்து காரில் வந்திருந்தாள். கையில் பெரிய சாப்பாட்டுக் கரியர். தவராஜா சிவந்த இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, பயப்படாதை மச்சாள், கொலை இல்லை, பழம்தான் என்றார்.

அவருடைய பழைய பகிடிகளுக்கும் சிரிக்கிறவள் இந்தப் புதிய பகிடிக்குச் சிரிக்கவில்லை. குசினி வாசலில் நின்று பானையைப் பார்த்தாள். பொங்குகிற தண்ணீரைப் பார்த்தாள்.

“அடுப்பை நூத்துவிடுங்கோ அத்தான். செத்தவீட்டிலை அடுப்பு எரியக்கூடாது.”

அதற்குத்தான் அந்தக் கரியர். செத்தவீட்டுக்குச் சோறு வெளியிலிருந்து வரவேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து காலையிலேயே முதலில் அவருக்குத்தான் சொன்னார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, மெர்சி, ஷோனே டாக் என்று சொல்லி வைத்தார். ஓல்டன் முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு மண்டபத்தில் காலம் முழுக்கத் தட்டுத் தூக்கியவரின் வாய்; எது வந்தாலும் நன்றியும் நல்ல நாளும்தான் சொல்லும். அதன் பிறகு பல்கனிக்குப் போய்ப் பழக்கூடையைத் தூக்கிவந்தார். பார்த்துப் பார்த்து, ஆளைக் காணாமல், அவர்கள் தங்கைக்குத் தொலைபேசி அடித்திருக்கிறார்கள்.

“உன்ரை அக்கா வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது?” என்றார் தவராஜா.

புனிதவதி கரியரை நிலத்தில் வைத்தாள். அடுப்பைத் தொடவில்லை.

அவர் கையைச் சேட்டில் துடைத்தார். மூடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தானே அடுப்பின் குமிழைத் திருப்பினார். மின்னடுப்புத் தட்டின் சிவப்பு மெல்ல மெல்லக் கறுத்தது.

தண்ணீர் மட்டும், விஷயம் கேள்விப்படாததுபோல, இன்னும் கொஞ்சநேரம் கொதித்தது.