தங்கையின் கையெழுத்து

டமாரென்று பத்திரக் கட்டை மேசையில் போடுகிறார் வக்கீல் ஷர்மின். கிளம்பிய தூசி, ஜன்னல் வழியே விழும் உத்தமபாளையத்து வெயிலில் மிதக்கிறது. வீடு வாங்கும் விஜயபாண்டி எதிரே கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி நதியா ஒரு லட்டு டப்பாவை மெல்ல முன்னால் நகர்த்துகிறாள். ஷர்மின் அதைப் பார்க்கவில்லை. வாரிசுச் சான்றில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. விற்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருப்பதோ அண்ணன் தம்பி இருவர் மட்டும். மயிலாடும்பாறையில் வாழ்க்கைப்பட்ட தங்கையின் பெயர்மீது ஷர்மினின் பேனா மூன்றாவது தடவையாகத் தட்டுகிறது. "நாளைக்கு இந்தம்மா வந்து பங்கு கேட்டா என்ன செய்வீக?" விஜயபாண்டி தலையைச் சொறிகிறார். "அவுக தங்கமானவுக, வக்கீலம்மா. கேக்க மாட்டாக." "அம்புட்டுத் தங்கமானவுக கையெழுத்த ஏன் போடல?" மின்விசிறி கரகரக்கிறது. பத்திரத்தின் மேல்தாள் எழுந்து எழுந்து படுக்கிறது. விஜயபாண்டி சுவர்க் காலண்டரைப் பார்க்கிறார். நதியா முந்தானை நுனியைத் திருகுகிறாள். ஷர்மின் கண்ணாடியைக் கழற்றி, நெற்றியை அழுத்திக்கொள்கிறார். "அந்தம்மா கையெழுத்துப் போடுற வரைக்கும் வீட்டுப் பக்கமே போகாதீக. வெளங்குதா? இந்த லட்டெல்லாம் எனக்கு எதுக்கு?" டப்பா திரும்பிப் போகிறது. நதியா அதை மறுபடியும் இந்தப் பக்கம் தள்ளுகிறாள்.

"அந்த வீட்டு லட்டுத்தேன்க்கா. நல்ல நாளுன்னாக, விடியக்காலமே பால் காய்ச்சிட்டோம்."