தேரிக்காட்டில் கொஞ்சம் இருட்டு

செம்மணல் தேரிக்காட்டில் மூன்று நாளாகப் படமெடுத்துக்கொண்டிருந்த எஸ்தருக்கு, முப்பத்து நான்காவது படத்தோடு பிலிம் சிக்கிக்கொண்டது. கேமராவுக்குள் பொடிமணல் போயிருந்தது. இழுத்தால் பிலிம் கிழியும். திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாப் படமும் வெளுத்துப்போகும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணலும் உச்சி வெயிலும்தான்.

"இப்ப என்ன வேணும் ஒனக்கு?" என்று கேட்டாள் ஆடு மேய்க்க வந்த செல்வக்கனி.

"இருட்டு வேணும்க்கா. ஒரு கால் மணி நேரத்துக்கு."

செல்வக்கனி சிரிக்கவில்லை. கூட வந்திருந்த கணவன் தங்கப்பாண்டியை ஆடுகளை அடைக்கும் கிடைக்கு அனுப்பி இரண்டு கம்பளிகளை எடுத்துவரச் சொன்னாள். கேமராவை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்த எஸ்தர்மேல் இரண்டையும் போர்த்தி, ஓரமெல்லாம் மணலை அள்ளிப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் அமுக்கி உட்கார்ந்தார்கள். காற்று கம்பளியைப் பிடுங்கப் பார்த்தது. உள்ளே, ஆட்டு வாடைக்கும் வியர்வைக்கும் நடுவே, எஸ்தர் விரல் நுனியால் தடவித் தடவிப் பிலிமை விடுவித்துச் சுருட்டி டப்பாவில் அடைத்தாள்.

"ஏளா, உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்க்கா. முடிஞ்சுட்டு, தூக்குங்க."

முகம் சிவக்க வெளியே வந்து டப்பாவைக் காட்டிச் சிரித்தாள். தங்கப்பாண்டி கம்பளியை மடிக்கப் போனார்.

"இருங்க, நானும் ஒருக்க பாத்துட்டு வாரேன்" என்று செல்வக்கனி உள்ளே நுழைந்துகொண்டாள். எஸ்தர் ஓடிப்போய் அவள் அமுக்கியிருந்த பக்கத்து ஓரத்தை அமுக்கி உட்கார்ந்தாள்.

"உள்ள என்னட்டி தெரியுது?" என்றார் தங்கப்பாண்டி.

"ஒண்ணுமே தெரியல" என்றாள் செல்வக்கனி, சந்தோஷமாக. "கொஞ்ச நேரம் சும்மா இருங்க."