பாதிப் படி

அக்கா செத்து ஒரு வருஷம் ஆகிறது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுவாள். இதயத் துடிப்பு தடுமாறும் வியாதி. அவள் தோல் செல்களை மாற்றி நானும் என் பேராசிரியரும் வளர்த்த இதயச் செல்கள் ஆய்வுக்கூடத் தட்டில் இன்னமும் அதே தடுமாற்றத்தோடு துடிக்கின்றன.

இன்று அந்தத் தட்டில் புது மருந்தை விட்டேன். துடிப்பு சீரானது.

அம்மா போன் செய்தாள். "சிரிக்காதடி. தினமும் அக்கா படியேறுற சத்தம் கேக்கும், பாதியில நின்னுடும். இன்னைக்கு மேல வரைக்கும் ஏறிட்டா."

"மருந்தைக் கழுவி எடும்மா," என்றார் பக்கத்தில் நின்ற பேராசிரியர். "தடுமாற்றம் திரும்பினாத்தான் மருந்து வேலை செஞ்சதுன்னு அர்த்தம்."

பேய்க்கதையையா அவரிடம் சொல்ல முடியும்? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கழுவினேன். துடிப்பு மறுபடி தடுமாறியது.

"இறங்கி வந்துட்டிருந்தாடி," என்றாள் அம்மா. "பாதியில உக்காந்துட்டா. உன்கிட்ட ஏன்டின்னு கேக்கச் சொல்றா."