விழுங்கிய ஒளி

ஒரகடத்து வார்ப்பாலையின் ஆய்வகத்தில் வேல்விழி இரும்பின் ஒளியை அளப்பவள். உலையில் உருகும் ஒவ்வோர் உருக்கிலிருந்தும் எடுத்த வில்லையில் மூன்று முறை மின்பொறி பாயும். அவ்வொளியைப் பகுத்து, எத்தனிமம் எவ்வளவு என்று கருவி சொல்லும். மூன்று பொறிகளும் ஒத்துரைத்தால் அதுவே பதிவேட்டுக்குரிய எண்.

அஞ்சல்வழி முதுகலைக்காக, கோள்களையுடைய விண்மீன்களின் தனிமங்களையும் அவள் ஆராய்ந்தாள். தன் கோளை விழுங்கிய விண்மீனை அதன் ஒளியே காட்டிக்கொடுக்கும்.

ஆடியில் ஒருநாள் உலைமேடைக்குப் போன அவள் அண்ணன் பேச்சிராஜ் திரும்பவில்லை. வேலையை விட்டு ஓடியவன் என்று ஆலை எழுதிக்கொண்டது. அன்று முதல் பாஸ்பரஸ் 0.02 விழுக்காட்டுக்குப் பதில் 0.08 காட்டியது. உலை கொள்ளும் ஒரு டன் உருக்கில் அறுநூறு கிராம் மிகுதி. ஒரு மனித உடலில் ஏறக்குறைய அவ்வளவே உண்டு.

"எங்கண்ணன் ஓடிப்போவல சார். அவன் செருப்பு இன்னும் லாக்கர்லயே கெடக்கு. இந்த நம்பரையாவது எழுத வுடுங்க."

"நட்சத்திரம் பாத்துகினு மூளை கலங்கிச்சா இன்னா? மிஷின்தாம்மா தப்பு. பழைய நம்பரையே போடு," என்றார் மேற்பார்வையாளர் சாலமோன்.

கருவியைச் சீர்செய்தார்கள். பின்னர் உலையையே மாற்றினார்கள். புதிய உலையின் முதல் உருக்கிலும் மூன்று பொறிகளும் ஒத்துரைத்தன: 0.08.

சாலமோன் அவள் பேனாவை வாங்கி, 0.02 என்று தாமே எழுதினார்.

வார்ப்புகள் அன்றே லாரியேறிப் படப்பை வழியே போயின. இதுவரை நானூறு உருக்குகள் வடிந்துவிட்டன; ஒவ்வொன்றிலும் 0.08. பேச்சிராஜ் ஒரு கிராமும் குறையவில்லை.