தலைவலி இல்லாத நாள்

“இப்ப தலைவலி ஏதும் இருக்காக்கா?” என்று கேட்டாள் டெக்னீஷியன் பெண், நெற்றிப்பொட்டில் ஜெல்லைத் தடவிக்கொண்டே.

“இல்லையே” என்றாள் அவள்.

பச்சைப் பொய். காலையில் கண் விழிக்கும்போதே அது வந்து உட்கார்ந்துவிட்டது, வலது கண்ணுக்குப் பின்னால், காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி.

வலிக்கிறது என்று இத்தனை வருடமாக உண்மையைச் சொன்னாள். ஒருத்தரும் நம்பவில்லை. இன்றைக்கு வலிக்கவில்லை என்று பொய் சொன்னாள், உடனே நம்பிவிட்டார்கள். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

எடுக்காத பரிசோதனை இல்லை. ஸ்கேன் நார்மல், கண் நார்மல், ரத்தம் நார்மல். ஒவ்வொரு நார்மலும் வீட்டில் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும். இருட்டறையில் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தால், “மகாராணி சயனம்” என்பாள் நாத்தனார். “டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டார். உனக்கு வேலைன்னா வலி, சினிமான்னா சுகம்” என்பான் கணவன்.

இங்கே நடக்கும் இந்தத் தலைவலி ஆய்வை அவளேதான் தேடிப் பிடித்தாள். மூச்சை அடக்கினால் மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்குமாம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அந்த விரிவு மற்றவர்களைப் போல இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கிறார்கள். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். அந்தக் கோடு கொஞ்சம் கோணலாகப் போய்விட்டால் போதும், அதை அப்படியே கொண்டுபோய்க் கணவனின் முகத்துக்கு நேரே நீட்டலாம்.

ஆனால் வலி இருக்கிற நாளில் எடுத்தால் செல்லாது. ஏற்கெனவே இரண்டு தடவை வந்தாள், உண்மையைச் சொன்னாள், போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அரிச்சந்திரனுக்கு வாழ்க்கைப்படவில்லையே அவள், மூன்றாவது தடவையும் உண்மை பேச. இன்றோடு ஆய்வு முடிகிறது. நாளைக்கு மெஷினைக் கழற்றி வேறு ஊருக்கு ஏற்றுகிறார்கள்.

தன் பொய்யால் அவர்கள் கணக்கு கெட்டுவிடுமே என்று உறுத்தத்தான் செய்தது. உறுத்தட்டும்.

பேனா அளவில் ஒரு கருவியை டெக்னீஷியன் அவள் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். ஸ்பீக்கரில் அவளுடைய ரத்தம் ஓடும் சத்தமே இரைந்தது. ஒவ்வொரு இரைச்சலும் கண்ணுக்குப் பின்னால் போய் இடித்தது. ட்யூப்லைட் வேறு பல்லைக் காட்டியது. குமட்டலை விழுங்கிக்கொண்டு சிரித்தாள்.

சுவரோரம் ஸ்டூலில் கணவன் போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

“மூச்சை இழுத்துப் பிடிங்கக்கா. நான் சொன்னதும் விடுங்க.”

இழுத்தாள். பிடித்தாள். கோடு நகர ஆரம்பித்தது.

“மேடம், நிறுத்துங்க. பொய் சொல்றா. அவளுக்குத் தலைவலி வந்திருக்கு.”

கணவன்தான். போனை மடியில் வைத்துவிட்டான்.

“வந்தா இவளுக்கு மூக்கோரம் வெளுத்துடும். கல்யாணமான புதுசுலேருந்தே அப்படித்தான். காலையில பாத்தப்பவே தெரிஞ்சுது.”

டெக்னீஷியன் குனிந்து பார்த்தாள். கருவியை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தாள். “நல்லவேளை சொன்னீங்க சார். பொண்டாட்டியை இவ்வளவு கவனிக்கிறவங்களை நான் பாத்ததே இல்ல.”

அவன் கூச்சத்தோடு சிரித்தான்.

மூச்சை விடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவளாகத்தான் விட்டாள். பஞ்சை எடுத்து ஜெல்லைத் துடைத்தாள்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்” என்றாள்.

“கூடவே இருக்கேன், தெரியாமப் போகுமா?” அவளுடைய பையை எடுத்து அவன் தோளில் மாட்டிக்கொண்டான். “சீக்கிரம் கிளம்பு. சாயங்காலம் அக்கா வீட்டுலேருந்து எல்லாரும் வர்றாங்க. நீ சமைக்கணும்ல.”