ஒத்து வரவில்லை

மூத்தவன் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

“ஒத்து வரலப்பா,” என்றான். உட்காரவில்லை. நேராகப் போய்த் தண்ணீர் குடித்தான்.

அடுத்து இளையவன் போனான். உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்த்த உடம்பு. வீட்டில் எல்லோருக்கும் அவன் பயில்வான். கொஞ்ச நேரத்தில் அவனும் பஞ்சோடு வந்தான். அவனுக்கும் ஒத்து வரவில்லை.

“ஊசியப் பாத்ததும் நீ மயக்கம் போட்டிருப்பேன்னுல்ல நினைச்சேன்,” என்றான் மூத்தவன்.

பயில்வான் சிரிக்கவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் படுத்திருந்தாள். கையில் செருகிய குழாய் வழியே அவள் ரத்தம் வெளியே வந்து, இயந்திரத்துக்குள் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வீட்டில் யாராவது ஒன்று கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள், தள்ளிப்போட நேரமில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். பொறு என்று கை காட்டினேன்.

பக்கத்து நாற்காலிக்காரரின் குடும்பத்தில் காலையிலிருந்து சண்டை. நீ கொடு, அவன் கொடுக்கட்டும் என்று. கேட்கவே கூச்சமாக இருந்தது.

“எங்க வீட்ல அந்தப் பேச்சே கிடையாது சார்,” என்றேன் அவரிடம். “நான் ஒரு வார்த்தை சொன்னேன். ரெண்டு பேரும் வந்து நின்னுட்டாங்க.”

அவர் என் மகன்களை ஏக்கத்தோடு பார்த்தார்.

பயில்வானின் மனைவி எழுந்து வந்தாள். என் சம்மதம் இல்லாமல் இந்த வீட்டுக்குள் வந்தவள். அவளிடம் நான் நேராகப் பேசுவதில்லை. மகனிடம் சொல்வேன், அவன் அவளிடம் சொல்வான்.

“நானும் சோதிச்சுப் பாத்துக்கறேன் மாமா.”

“வேற வீட்டுப் பொண்ணு உடம்ப அறுத்துத்தான் நம்ம வீட்டுப் பொண்ணு பிழைக்கணுமான்னு கேளுடா,” என்றேன் மகனிடம்.

“எனக்கே கேட்டுச்சு,” என்றாள் அவள்.

நானே எழுந்தேன்.

சின்ன அறை. மேசைமேல் ஒரு தட்டில் ஊசி, ரத்தம் பிடிக்கும் குப்பிகள், பஞ்சு, பிளாஸ்திரி. சட்டைக் கையை மடித்து நீட்டினேன்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் ஐயா. உங்கள யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

“என்னையா?” எனக்குச் சிரிப்பு வந்தது. “எங்க வீட்ல கட்டாயப்படுத்துற ஆளே நான்தாம்மா.”

அவர் சிரிக்கவில்லை.

“இஷ்டமில்லன்னா இங்கயே சொல்லிடலாம். ஊசி போட மாட்டோம். ஒத்து வரலன்னு வெளிய சொல்லிக்கலாம். யாருக்கும் சந்தேகம் வராம கையில பஞ்சு ஒட்டி அனுப்பிடுவோம். இந்தக் கதவ விட்டு விஷயம் வெளிய போகாது.”

ஒத்து வரல. மூத்தவன் சொன்ன அதே சொல். பயில்வான் சொன்ன அதே சொல்.

“என் பசங்ககிட்டயும் இதக் கேட்டீங்களா?”

“எல்லார்கிட்டயும் கேப்போம்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அத நீங்க கேக்கக் கூடாது. நானும் சொல்லக் கூடாது.”

வைத்தியம் பார்க்கிற இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நல்ல வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

“பயந்துகிட்டுக் குடுத்தா அது தானம் இல்லைங்க ஐயா,” என்றார் அவர் மெதுவாக. “நீங்க என்ன சொல்றீங்க?”

என் உடம்பில் ஒரு குறையும் கிடையாது. இந்த வயதிலும் மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்காது. ஆனால் குத்துக்கல்லாட்டம் இரண்டு ஆண்பிள்ளைகள் இருக்க, கிழவன் போய்ப் படுத்தான் என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன். இத்தனை காலம் கட்டிக் காத்த பெயர்.

வெளியே வந்தேன்.

மூத்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். பஞ்சு தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“எனக்கும் ஒத்து வரல.”

பயில்வான் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் படிக்க ஆரம்பித்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த குடும்பம், கேட்காது. கண்ணாடிக் கதவுப் பக்கம் நான் திரும்பவில்லை.

மருமகள் எழுந்தாள். என்னிடமும் கேட்கவில்லை, புருஷனிடமும் கேட்கவில்லை. உள்ளே போனாள். தடுக்க வாயெடுத்தேன், பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்தபோது கையில் அதே பஞ்சு, அதே பிளாஸ்திரி. பஞ்சின் நடுவில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. பார்க்கப் பார்க்க அகன்றது.

“முதல் சோதனை சரியா இருக்காம்,” என்றாள் கணவனிடம்.

பிறகு அவன் கையைப் பார்த்தாள். மூத்தவன் கையைப் பார்த்தாள். கடைசியாக என் கையை.

“ஊசி கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது. உங்களுக்கு வலிக்கலையா மாமா?”

முதல் தடவையாக அவளுக்கு நான் நேராகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். என்னைப் பார்த்து மூத்தவனும் இறக்கிக்கொண்டான்.

பயில்வான் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.