விலகிப் போன வண்டிகள்

யார் எப்படி ஓட்டுகிறார்கள் என்று ஹெல்மெட்டே சொல்லிவிடும் காலம் அது. பல்லடம் சாலையில் பைக்கில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தமயந்திக்கு, முன்னால் போன வேனின் மேல் ஹெல்மெட் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி தெரிந்தது.

“டிரைவர் தூங்குகிறார். விலகி இருங்கள்,” என்றது ஹெல்மெட்.

அவள் வேகத்தைக் குறைத்தாள். வேன் குறைக்கவில்லை. தொலைவில், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். பைக்கை முறுக்கி, வேனை ஒட்டிப் போய்க் கதவில் ஓங்கி அடித்தாள்.

“அண்ணா! எந்திரிங்ணா! ரோட்டப் பாருங்க!”

டிரைவர் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார். வேன் பிள்ளைகளுக்குப் பத்தடி முன்னால் கிறீச்சிட்டு நின்றது.

“ரெண்டு நாளாத் தூங்கலீங்க அம்மணி,” என்று ஸ்டியரிங்கில் முகம் புதைத்து அழுதார்.

மாலையில் வீடு திரும்பும்போது, எல்லா வண்டிகளும் அவளைவிட்டு விலகி விலகிப் போயின. சிக்னலில் நின்ற ஸ்கூட்டர்காரப் பெண்ணிடம், “என்னாச்சுங்க?” என்று கேட்டாள்.

“ஹெல்மெட்டுல உங்களத்தானுங்க சிவப்பாக் காட்டுது. ஓடுற வண்டியப் போய் அடிச்சீங்களாமா?”

“ஆமாங்க, அடிச்சேன். அங்க பிள்ளைங்க…”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஸ்கூட்டர் அடுத்த தெருவில் திரும்பிவிட்டிருந்தது.